15 நிமிடத்துக்கு ஒரு டிக்

மார்ச் 2

மனநல வார்டில் முதல் நாள். ஒவ்வொரு கதவையும் திறந்து, உள்ளே போய், பூட்டி, பூட்டியதை ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்குகிற ஒவ்வொரு முறையும் ஜன்னலோரப் படுக்கை அம்மாவின் தோள் ஒடுங்குகிறது. மதியத்துக்குள் சாவியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 3

மேசையில் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று மருத்துவப் படிப்புக்கு, இன்னொன்று மனநலச் செவிலியத்துக்கு. கடைசித் தேதி 31.

மார்ச் 5

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மருத்துவம் என்றால் 5, 6 வருடம். பட்டதாரிகளுக்கான குறுகிய படிப்பில் இடம் கிடைத்தால் 4. அதற்கு மேல் மனநல மருத்துவப் பயிற்சி: இந்தியாவில் 3, அமெரிக்காவில் 4, பிரிட்டனில் 6. எனக்கு இப்போது 27. எப்படிக் கூட்டினாலும் 34க்குக் குறையவில்லை.

மனநலச் செவிலியம் என்றால் பாதி தூரம் ஏற்கெனவே நடந்தாகிவிட்டது. பிரிட்டனில் முதல் வருடத்திலிருந்தே இதையே பாடமாக எடுத்துப் படிக்கலாம். பல நாடுகளில் என்னைப்போலப் பொதுச் செவிலியம் முடித்துவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்த மனநலச் செவிலியர் நோய் இன்னதென்று கணிக்கலாம், மருந்தும் எழுதலாம். சில மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வைகூட வேண்டியதில்லை. இதைப் படித்தபோது நெஞ்சு படபடத்தது.

ஆனாலும் ஒன்று அரிக்கிறது. படிப்பின் நீளத்துக்குப் பயந்துதான் செவிலியம் பக்கம் சாய்கிறேனா?

மார்ச் 8

மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. தண்ணீர் குடித்த பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கடைவாயில் ஒதுக்கியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது. மூத்த சிஸ்டர் செய்யும்போது அது சோதனை மாதிரியே இல்லை. “பல் வலி எப்படி இருக்கு, காட்டுங்க” என்கிறார். அவர்களும் காட்டுகிறார்கள். நிஜமாகவே பல்லையும் பார்க்கிறார்.

மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் தினமும் மலம் கழித்தாரா என்று கேட்டு எழுத வேண்டும். அந்த மருந்துக்கு ரத்தப் பரிசோதனை அவசியம் என்பது தெரியும். வெள்ளை அணுக்கள் குறையக்கூடும். குடல் அசைவு நின்றுபோய் அதனாலும் உயிர் போகலாம் என்பது இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

மார்ச் 9

தூக்கம், தூக்கம், தூக்கம். சிஸ்டர் எல்லோரிடமும் முதலில் கேட்பது அதைத்தான். “மனசு எப்படி இருக்குன்னு கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லிடுவாங்க. எத்தனை மணி நேரம் தூங்கினாங்கன்னு பாரு.”

மார்ச் 11

பாரிஸில் பிசெத்ர் மருத்துவமனையில் ஜான் பாதிஸ்த் புசின் என்று ஒருவர் இருந்திருக்கிறார். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கட்டி வரும் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளிகள் பகுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். 1797இல் அங்கே நோயாளிகளின் இரும்புச் சங்கிலிகளை எடுத்தவர் அவர்தான். ஓவியங்களில் சங்கிலியைக் கழற்ற வைப்பவர் மருத்துவர் பினெல். உண்மையில் பினெல் அதற்கு 2 வருடம் முன்பே வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். புசினிடம் கற்றதைப் பினெல் தானே எழுதியும் வைத்திருக்கிறார். ஆனாலும் ஓவியத்தில் புசினுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

பினெலுக்குப் படிப்பு இருந்தது. புசின் நோயாளிகளோடு கூடவே இருந்தார். இரண்டும் ஒருவருக்கே வாய்க்காதா?

மார்ச் 14

அண்ணனிடமிருந்து ஒரு வரி: “நல்லாத்தான் இருக்கேன், சும்மா சும்மா கேக்காதே.”

மார்ச் 17

எழுதினால்தான் தூக்கம் வரும்.

கணக்கு வாத்தியார் காலையில் மாத்திரை வாங்கும்போது நோட்டில் கையெழுத்துப் போடுவார். வார்டு விதி ஒன்றும் இல்லை. கணக்கு நேராக இருக்க வேண்டும் என்று அவராகவே ஆரம்பித்தது. கடைசி எழுத்தை ஒரு சுழி சுழித்து, அடியில் கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைப்பார். இன்று சிஸ்டர் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளி வரை சுழி உருண்டை. சனிக்கிழமை கோணல். நேற்று அடிக்கோடு ரம்பப் பல் மாதிரி. இன்று பேனா முனை புள்ளி வைக்க இடம் தேடி அலைந்திருக்கிறது.

அந்த நோட்டை நான்கு நாளும் அவரிடம் நீட்டியது நான்.

வயிற்றுப்போக்கு உண்டா என்று சிஸ்டர் கேட்டார். இரண்டு நாளாக என்றார். நாக்குக் குழறியது. முழங்கால் வலிக்கு வீட்டிலிருந்து வந்தவர்கள் கொடுத்த மாத்திரையைத் தலையணை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஐபுப்ரோஃபென். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்கு இரண்டுமே ஆகாது. உடம்பில் நீர் வற்றினாலும் சரி, அந்த வலி மாத்திரை உள்ளே போனாலும் சரி, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். காலை டோஸை நிறுத்தினோம். கடைசி டோஸ் நேற்று இரவு 9க்கு. டாக்டர் ஓடி வந்து ரத்தம் எடுக்கும்போது மணி 9. ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க 12 மணி நேர இடைவெளிதான் கணக்கு. 0.6க்கும் 1.0க்கும் நடுவில் இருக்க வேண்டியது 1.9.

டிரிப் ஏற்றிப் பொது மருத்துவ வார்டுக்கு அனுப்பியாயிற்று. ஸ்ட்ரெச்சரில் போகும்போது “நோட்டு பத்திரம்” என்றார்.

மார்ச் 18

அண்ணனின் கை நடுங்குகிறதா என்று போனில் எப்படித் தெரிந்துகொள்வது?

மார்ச் 20

ஜான் கேட் பற்றிப் படித்தேன். ஆஸ்திரேலிய மனநல மருத்துவர். பித்து நிலையை, அதாவது தூக்கமே தேவைப்படாத அளவுகடந்த உற்சாகத்தை, லித்தியம் தணிக்கிறது என்று 1949இல் எழுதினார். முதலில் அதைப் பெற்ற நோயாளி பல வருடப் பித்திலிருந்து தெளிந்து வீட்டுக்கே போனார். 1950இல் அதே லித்தியத்தின் நஞ்சால் இறந்தார். புத்தகத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23

இன்று டாக்டர் செய்ததைப் பார்த்ததும் இதுவரை போட்ட கணக்கெல்லாம் தடுமாறிவிட்டது.

70 வயதுப் பெரியவர். இரண்டு நாளாகச் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறாராம். புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் அழுதுகொண்டே கூட்டி வந்தார். டாக்டர் நாற்காலியை அவருக்கு நேர் எதிரே போடாமல் சற்றுப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். பூச்சியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். சனி, வெள்ளி, அப்புறம் பெரியவர் ஜன்னலைப் பார்த்தார், கண் சொருகியது, மறுபடி விழித்து வேறு எதையோ சொன்னார். “இது மனநோய் இல்லை, சிறுநீர் டெஸ்ட் அனுப்புங்க சிஸ்டர்.” தொற்றுதான். அதனால் வந்த சித்தக் குழப்பம்.

மகன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

உடம்பு வழியாக மனசைப் பார்க்கிற அந்த அறிவு எனக்கும் வேண்டும். வேண்டும் என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு நாள் ஆயிற்று.

மார்ச் 24

நைட் டியூட்டி. ஜன்னலோர அம்மாவை 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, மூச்சு விடுவதை உறுதி செய்து, தாளில் டிக். ஒரே நேர இடைவெளியில் போனால் கணக்குப் பண்ணி நடுவில் தன்னை ஏதாவது செய்துகொண்டுவிடுவார்கள், கொஞ்சம் முன்னே பின்னே போ என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதிகாலை 3 மணிக்கு, கண்ணைத் திறக்காமலே, “நீயா? சரி” என்றார். சாவி சத்தம் கேட்காததால் நான் என்று தெரிந்திருக்கும். 8 மணி நேரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான். டாக்டரானால் இந்த “சரி” யாருக்குக் கிடைக்கும்?

மார்ச் 26

ஹில்டகார்ட் பெப்லாவ், மனநலச் செவிலியர். செவிலியருக்கும் நோயாளிக்கும் நடுவில் உண்டாகிற உறவே சிகிச்சை என்று சொன்னவர். புத்தகத்தை 1948இலேயே எழுதி முடித்தாராம். மருத்துவர் ஒருவரின் பெயர் கூடச் சேராமல் செவிலியர் தனியாகப் புத்தகம் போடுவதாவது என்று தள்ளிப்போய், 1952இல்தான் வெளிவந்தது. செவிலியர் ஏற்கும் பாத்திரங்களில் அவர் முதலில் வைப்பது ‘அந்நியர்’. முதல் நாள் சாவிக்கொத்தோடு நுழைந்த நான்.

மார்ச் 28

விண்ணப்பத்தில் ‘ஏன் இந்தத் துறை’ என்று கேட்டு 500 சொல் இடம் விட்டிருக்கிறார்கள். அண்ணனைப் பற்றி எழுதலாமா? எழுதினால் இரக்கம் தேடுவதுபோல் ஆகும். எழுதாவிட்டால் மீதி 499 சொல்லும் பொய். நான்கு முறை எழுதி அடித்தாயிற்று.

மார்ச் 29

வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். அளவு 0.7. முதல் வேலையாக நோட்டைக் கேட்டார். சுழி இன்னும் முழு உருண்டை ஆகவில்லை, ஆனால் இரண்டு புள்ளியும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. ஒரு விண்ணப்பத்தை மட்டும் நிரப்பி உறையில் போட்டேன். நாளை காலை சேர்த்துவிட வேண்டும்.

மார்ச் 30, அதிகாலை 4.20

அண்ணன் போன் செய்தான். தானாகவே. குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. புதுத் தொழில், பெரிய யோசனை, இனி எல்லாம் மாறப்போகிறது என்று மூச்சு விடாமல் பேசினான். எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்டேன். “மூணு நாளா தூக்கமே தேவைப்படலை, தெரியுமா?” என்றான்.

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். முதல் பஸ் 5 மணிக்கு. உறை பையில்தான் இருக்கிறது.