சொதி காய்ச்சத் தெரிந்த கைக்கு ஒரு பிரெஞ்சு சோஸ்

வெள்ளவத்தைச் சந்தையில் நல்ல கொடுவா மீன் கிடைக்கும் நாள்களில், அதைக் குழம்பில் போடாமல் ஆவியில் அவித்து, மேலே ‘பேர் பிளான்’ ஊற்றிப் பரிமாறுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. வெள்ளைப் பட்டர் என்பதே அந்தப் பெயரின் பொருள். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில், நான்த் நகருக்கு அருகே உணவகம் நடத்திய கிளெமான்ஸ் லஃபேவ்ர் என்ற பெண்மணி, பெர்னேஸ் என்ற இன்னொரு பட்டர் சோஸைச் செய்யும்போது முட்டை மஞ்சட்கரு சேர்க்க மறந்ததால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது பிறந்ததாகச் சொல்வார்கள். மஞ்சட்கருவோ மாவோ இல்லாமல், பட்டர் தன் பலத்திலேயே கட்டியாக நிற்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

நான்கு பேருக்கு 200 கிராம் உப்பில்லாத பட்டர் போதும். கொழும்பு வெக்கையில், வெட்டி மேசையில் வைத்த பட்டர் சில நிமிடங்களிலேயே நெகிழ்ந்துவிடுவதால், துண்டுகளை மீண்டும் பிரிட்ஜில் வைத்து, அவ்வப்போது நாலைந்தாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று சின்ன வெங்காயத்தை மிகப் பொடியாக அரிந்து, நான்கு மேசைக்கரண்டி வினாகிரியும் அதே அளவு வெள்ளை வைனும் விட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி அளவுக்கு வற்ற விடுங்கள். நான்த் பக்கத்தில் அவ்வூர் வெள்ளை வைனான மஸ்கடேயைச் சேர்ப்பார்கள். வைன் புழங்காத வீட்டில் அதற்குப் பதிலாகத் தண்ணீர் விட்டாலும் சோஸ் கூடிவரும், மணம் மட்டும் சற்றுக் குறையும்.

இனித்தான் கவனம் வேண்டும். அடுப்பை மிகவும் தணித்து, இரண்டு துண்டு பட்டரைப் போட்டு, அவை முழுவதும் கரைவதற்கு முன்பே அடுத்த இரண்டைப் போட்டு, கம்பி மத்தால் கை விடாமல் அடிக்க வேண்டும். முதலில் மஞ்சளாக மினுங்கும் திரவம், நாலாவது ஐந்தாவது துண்டுக்குப் பிறகு மினுக்கம் அடங்கி, தேங்காயின் முதற்பால்போல வெளிறித் தடிக்கும். முதற்பால் விட்ட சொதியைக் கொதிக்க விடாமல் துழாவி இறக்குகிறோமே, அதே பக்குவம்தான் இங்கும். பட்டரில் உள்ள பாற்புரதங்கள் கொழுப்புத் துளிகளைச் சுற்றி நின்று அவற்றை ஒன்றுசேர விடாமல் தடுக்கின்றன. வெப்பம் ஏறக்குறைய 58 பாகையைத் தாண்டினால் அந்தப் பிடி தளர்ந்து நெய் பிரியத் தொடங்கும். ஆகவே, சட்டியின் ஓரத்தில் ஒரு குமிழி தெரிந்தாலும் உடனே அடுப்பிலிருந்து தூக்கிவிடுங்கள்.

முதல்முறை விருந்தினர் வரத் தாமதமானதால், நான் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மேலே நெய்யும் கீழே புளித்த நீருமாக இருந்தது. அப்படித் திரைந்தாலும் கொட்டிவிட வேண்டாம். வேறொரு சட்டியில் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த கிரீம் விட்டு, திரைந்ததை ஓரளவு ஆறவிட்டு, கரண்டி கரண்டியாக அதில் சேர்த்து அடித்தால் பெரும்பாலும் மீண்டும் கூடிவிடும்.

அளவாக உப்பும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்த்து, விரும்பினால் வெங்காயத்தை வடித்துவிடலாம், நான் வடிப்பதில்லை. ஆறவிட்டுச் சூடாக்கினால் பிரிந்துவிடும் என்பதால், மீன் வேகும்வரை சோஸைத் தேநீர் பிளாஸ்கில் ஊற்றி மூடி வைக்கிறேன். பிளாஸ்கை முதலில் கொதிநீரால் அல்ல, இளஞ்சூட்டு நீரால் அலசிக்கொள்ள வேண்டும்.