பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு முட்டுக்கட்டை

பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் எனக்குப் பிடித்த புகார், "சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை" என்பதுதான். ஓடிக்கொண்டே இருந்து நினைத்த நேரத்தில் நின்றுபோகும் இயந்திரம்தான் உயிரை வாங்கும். அடியோடு படுத்துவிட்டதில் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் ஆய்வகத்திலிருந்து அப்படி ஒரு 386 (பழைய இன்டெல் 386 சிப்பில் ஓடும் கணினி) வந்தது. நூலின் சீர்மையை அளக்கும் கருவியோடு இணைந்தது. புதிய கணினி வாங்கினால் தீராது. கருவியின் அட்டை ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில்தான் உட்காரும், அந்த ஸ்லாட்டுள்ள மதர்போர்டு இன்று கடையில் கிடைக்காது. "போர்டு போய்விட்டது என்று வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள், சார்" என்றார் மேற்பார்வையாளர். எது போயிருக்கிறது என்று சொல்லாமல் 'போர்டு போய்விட்டது' என்பவர்களை நான் மதிப்பதில்லை.

சுவிட்சைப் போட்டேன். பவர் சப்ளையின் மின்விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றது. சப்ளைக்கு உயிர் இருக்கிறது. எதையோ கண்டு பின்வாங்குகிறது. 1995-இல் வந்த ஏடிஎக்ஸ் வகை சப்ளை, மதர்போர்டு கேட்டால்தான் விழிக்கும். இதில் இருப்பது அதற்கு முந்தைய ஏடி வகை. சுவிட்ச் நேராக 230 வோல்ட்டையே இணைக்கிறது. போர்டிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. எனவே எங்கோ ஷார்ட் ஆகி, மின்சாரம் தடையின்றிக் கிரவுண்டுக்குப் பாய வேண்டும். போர்டுக்குப் போகும் பி8, பி9 பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சுமையாக மாட்டினேன் (சுமையில்லாமல் இந்த சப்ளைகளில் பல கிளம்பாது). ஐந்து வோல்ட்டும் பன்னிரண்டு வோல்ட்டும் ஒழுங்காக வந்தன.

இனி போர்டு. ஐந்து வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே இருபது ஓம் சொச்சம். இத்தனை சிப்புகள் தொங்கும் தடத்தில் அது இயல்பு. இதைப் பார்த்தே ஷார்ட் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பன்னிரண்டு வோல்ட் தடத்தில் அரை ஓம்கூட இல்லை. மீட்டர் விடாமல் கீச்சிட்டது. ஷார்ட் இங்கேதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த போர்டுக்குப் பன்னிரண்டு வோல்ட்டே தேவையில்லை. ஸ்லாட்டுகளில் செருகும் அட்டைகளுக்காக அது சும்மா கடந்து போகிறது. வழியில் அதைச் சீராக்க, துவரம்பருப்பு போல மஞ்சளாகச் சில டான்டலம் கெபாசிட்டர்கள். எல்லாமே 16 வோல்ட் வகை. டான்டலத்தை அதன்மேல் குறித்திருக்கும் வோல்ட்டில் பாதிக்குமேல் நம்பக்கூடாது என்பது பழைய பாடம். செலவைப் பார்த்தவர்கள் அதைக் கேட்கவில்லை. வயதானால் இவை ஷார்ட் ஆகிவிடும்.

கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போர்டின் செம்புத் தடங்கள் உரிந்துவிடும். ஆய்வு சப்ளையில் ஒரு வோல்ட், ஓர் ஆம்பியர் உச்சவரம்பு வைத்து அந்தத் தடத்தில் செலுத்திவிட்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். மூன்றாவது ஸ்லாட்டின் ஓரத்தில் இருந்தது மட்டும் சுட்டது. அதை எடுத்ததும் மீட்டர் வாயை மூடியது. அதன் இடத்தில் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்றை வைத்தேன். டான்டலத்தில் பிளஸ் முனைக்குக் குறி, இதில் மைனஸ் முனைக்கு. பழக்கதோஷத்தில் மாற்றி வைத்தால் வெடிக்கும்.

மின்சாரம் கொடுக்குமுன் இன்னொரு வேலை இருந்தது. நீல நிற நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, கீபோர்டு சாக்கெட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. கசிவது காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவினேன். நல்ல வேளையாகத் தடங்கள் அறுந்திருக்கவில்லை. பி8, பி9 இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் சேரும்படி செருகிச் சுவிட்சைப் போட்டதும் ரேம் எண்ணிக்கை திரையில் ஓடியது.

பேட்டரியின் தயவில் நினைவில் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் அமைப்பு விவரமும் அதோடு போயிருந்தது. "எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "அமைத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், சார்." டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. அமைப்புத் திரையில், எண்களை நாமே இடுவதற்கான 47-ஆம் வகையில் அவற்றை இட்டதும் ஆலையின் நிரல் எழுந்தது. திருப்பி அனுப்புமுன் அந்த டிஸ்கை நகலெடுத்துக் கொடுத்தேன். அதற்குத் தனிக் கட்டணம் என்றதும் ஆலை மேலாளர் முகம் சுளித்தார், ஆனாலும் கொடுத்துவிட்டார்.