ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் 12.2-க்கு மாறும் முன் அதைக் கண்காணிக்கும் கருவிகளைப் பாருங்கள்: பீன்யாவிலிருந்து ஓர் அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் டேட்டாபேஸ் நிர்வாகம் பார்க்கிறேன். கொள்முதல், ஸ்டோர்ஸ், இன்வாய்ஸ், கணக்கு என்று எங்களுக்கு எல்லாமே ஆரக்கிளின் நிறுவன நிர்வாக சாஃப்ட்வேரான இ-பிசினஸ் சூட்டில்தான் ஓடுகிறது. 12.1 பதிப்புக்கான பிரீமியர் சப்போர்ட், அதாவது ஆரக்கிளின் முழு ஆதரவு, 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. நாங்கள் 12.2-க்கு மாறியது அதற்கு அடுத்த வருடம். ஆரக்கிள் டேட்டாபேஸையும் கையோடு 19சி பதிப்புக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவெடுத்தோம். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அப்கிரேடின் படிகளை ஆரக்கிளின் கையேடுகளே விரிவாகச் சொல்லிவிடும். மெயின் சாஃப்ட்வேரைச் சுற்றி நிற்கும் கருவிகளில்தான் நாங்கள் மாட்டினோம்.

12.2-ல் பெரிய மாற்றம் ஆன்லைன் பேட்சிங். அப்ளிகேஷன் எஃப்எஸ்1, எஃப்எஸ்2 என்று இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்றில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மற்றதில் பேட்ச், அதாவது சாஃப்ட்வேர் திருத்தம், போடலாம். கட்ஓவர் செய்ததும் இரண்டும் பாத்திரம் மாறிக்கொள்ளும். 12.1-ல் ஒரே இடம்தான். அதனால் எங்கள் பழைய ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றிலும் பாதையை அப்படியே எழுதி வைத்திருந்தோம்.

முதல் ஒத்திகையில் டெஸ்ட் சர்வர் அழகாக மேலே வந்தது. சிஸ்டத்தில் நடப்பதைப் பதியும் லாகை வாசித்து எர்ரர் தேடும் ஸ்கிரிப்டில் மட்டும் எஃப்எஸ்1-ன் புதிய பாதையைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பேட்ச், ஒரு கட்ஓவர். மறுநாள் காலை ஸ்டோர்ஸில் இருக்கும் ஓசூர்க்கார அண்ணா கூப்பிட்டார்.

"ஏம்மா, ரிக்விசிஷன் பக்கம் சுத்திக்கிட்டே நிக்குது. உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்குண்ணா. ஒரு எர்ரர்கூட இல்லையே."

திரையில் எல்லாம் பச்சையாக இருந்ததால் அப்படிச் சொன்னேன். ஆனால் கட்ஓவருக்குப் பிறகு அப்ளிகேஷன் ஓடியது எஃப்எஸ்2-ல். ஸ்கிரிப்ட் இன்னும் எஃப்எஸ்1-ன் லாகைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபைலில் யாரும் எழுதவில்லை, அதனால் எர்ரரும் இல்லை. எஃப்எஸ்2-ன் லாகைத் திறந்தால் பக்கம் பக்கமாக எர்ரர். அன்று எனக்குள் விழுந்த பயம் இன்றும் நினைவிருக்கிறது. கண்காணிப்பு நின்றுபோனால் நமக்குத் தெரிந்துவிடும். தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதி சொல்லும் கண்காணிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கிரிப்டைச் சரிசெய்வது எளிது. பாதையை எழுதாமல், சிஸ்டத்தின் அமைப்புகளைச் சொல்லும் என்விரான்மென்ட் ஃபைலை 'ரன்' என்று சொல்லி ஏற்றிவிட்டால் இப்போது ஓடும் பிரதி எது என்று அதுவே காட்டிவிடும். ஆனால் இப்படி இன்னும் எத்தனை இருக்கின்றன என்ற கேள்வி விடவில்லை. மேலாளரிடம் சொல்லி ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாகப் போய், "இந்த சிஸ்டத்தை உங்க பக்கத்துலேர்ந்து எது எது தொடுது?" என்று கேட்டு எழுதினேன். பேக்கப், குளோனிங் (சிஸ்டத்தை நகல் எடுப்பது), பாங்குக்குப் பேமென்ட் ஃபைல் அனுப்புவது, பார்கோடு பிரின்டர், இரவில் தானாக ஓடும் க்ரான் வேலைகள். எங்கள் ஐடி குழுவிடம் இருந்த பட்டியலைப் போல இரண்டு மடங்கு வந்தது.

அதிக நேரம் பிடித்தது ஆரக்கிளின் கண்காணிப்புக் கருவியான என்டர்பிரைஸ் மேனேஜர். 12.1-ல் அப்ளிகேஷனை ஓட்டிய ஓசி4ஜே சர்வர்கள் 12.2-ல் வெப்லாஜிக் சர்வர்களாகிவிடுகின்றன. பழைய டார்கெட்டுகள், அதாவது கண்காணிக்கச் சேர்த்திருந்தவை, செத்துப்போனதாகச் சிவப்பில் நிற்கும். புதியவற்றை நாமாகக் கண்டுபிடித்துச் சேர்க்காவிட்டால் திரையில் வரவே வராது. அதைச் செய்ய இ-பிசினஸ் சூட்டுக்கான பிளக்-இன் புதிதாக வேண்டும். அந்தப் பிளக்-இன்னுக்குப் புதிய ஓஎம்எஸ், அதாவது மேனேஜரின் மைய சர்வர், வேண்டும். எங்களிடம் இருந்தது 13.2. அங்கிருந்து 13.5-க்கு நேரே போக முடியாது, நடுவில் இன்னொரு பதிப்பில் இறங்கித்தான் போக வேண்டும். நாங்கள் 13.4-ல் இறங்கினோம். ஒவ்வொரு சர்வரிலும் இருந்து தகவல் அனுப்பும் ஏஜென்டின் பதிப்பு ஓஎம்எஸ்-ஐ விட மேலே போகக் கூடாது என்பதால் முதலில் ஓஎம்எஸ், பிறகு ஏஜென்ட் என்ற வரிசையும் மாறக் கூடாது.

இதெல்லாம் ஆரக்கிள் சப்போர்ட் தளத்தின் சர்டிஃபிகேஷன் பகுதியில் இருக்கிறது. ஆனால் நான் முதலில் தேடிய விதம் தவறு. இ-பிசினஸ் சூட் 12.2 எந்த டேட்டாபேஸோடு ஒத்துப்போகும் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். ஒவ்வொரு கருவியின் பெயரையும் தனித்தனியாகப் போட்டு, நம்மிடம் இருக்கும் பதிப்பு, போகப்போகும் பதிப்பு என்று இரண்டையும் பார்க்க வேண்டும். என் கருத்தில் இந்த வேலையை அப்கிரேட் திட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கண்காணிப்புக் கருவியை மேலேற்றவே எங்களுக்கு இரண்டு மாதம் தனியாகப் போனது.

19சி-யால் வந்தவை வேறு. டேட்டாபேஸ் சிடிபி (வெளிப் பெட்டி), பிடிபி (உள் பெட்டி) என்று பெட்டிக்குள் பெட்டியாகிறது. எங்கள் பழைய எஸ்ஐடி, அதாவது டேட்டாபேஸின் அடையாளப் பெயர், உள்ளே இருக்கும் பிடிபிக்குப் போய்விட்டது, வெளிப் பெட்டிக்குப் புதுப் பெயர். பழைய பெயரைக் கொடுத்துவிட்டு ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனைக் கூப்பிடும் பேக்கப் ஸ்கிரிப்ட் இணைப்பே கிடைக்காமல் விழுந்தது. ஒத்திகையில் விழுந்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பாங்க் ஃபைல் இன்னொரு சிக்கல். டேட்டாபேஸ் எந்த ஃபோல்டர்களில் ஃபைல் எழுதலாம் என்று சொல்லும் யுடிஎல் ஃபைல் டிர் என்ற பழைய பாராமீட்டர் 19சி-யில் இல்லை, டேட்டாபேஸ் டைரக்டரிகளாக மாற்ற வேண்டும். அதற்கு ஆரக்கிளே ஸ்கிரிப்ட் தருகிறது. எங்கள் சொந்த புரோகிராம்கள் ஒன்பதில் நேரடியாக எழுதியிருந்த பாதைகளை மட்டும் கையால் திருத்தினோம்.

மூன்றாவது ஒத்திகையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதில் கட்ஓவரை வேண்டுமென்றே இரண்டு முறை செய்தோம். எஃப்எஸ்1-லிருந்து 2-க்கும், திரும்ப 1-க்கும். ஒருமுறை மட்டும் செய்திருந்தால் பாதிச் சோதனைதான்.

நிஜ மாற்றத்துக்கு ஆயுத பூஜை விடுமுறையைக் கேட்டோம். அரையாண்டுக் கணக்கு முடிந்த கையோடு என்பதால் கணக்குப் பிரிவு தயங்கியது, பிறகு ஒப்புக்கொண்டது. 2022 அக்டோபர் 1, சனி இரவு சிஸ்டத்தை இறக்கினோம். அதற்கு முன் என்டர்பிரைஸ் மேனேஜரில் பிளாக்அவுட் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் நான்கு நாளும் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை கீழே மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து வெண்பூசணி உடைத்தார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து அம்மா கொடுத்துவிட்ட சுண்டலைச் சர்வர் அறை வாசலில் நின்று எல்லோரும் சாப்பிட்டோம்.

விஜயதசமி மாலை எல்லா சர்வர்களும் ஓடின. ஆட்களை உள்ளே விடலாமா என்று மேலாளர் கேட்டார். அரை மணி நேரம் பொறுங்கள் என்றேன். பிளாக்அவுட்டை எடுத்துவிட்டு, அப்ளிகேஷன் பக்கங்களை ஓட்டும் ஓஏகோர் சர்வர் ஒன்றை நானே நிறுத்தினேன். யாரும் பேசவில்லை. மூன்றாவது நிமிடம் என் ஃபோன் அடித்தது. அந்தச் சர்வரின் பெயர், எஃப்எஸ்2, நின்ற நேரம் எல்லாம் சரியாக வந்திருந்தன. அதை மறுபடி ஏற்றிவிட்டு, ஸ்டோர்ஸ் அண்ணாவைக் கூப்பிட்டு, "இப்ப ரிக்விசிஷன் போட்டுப் பாருங்கண்ணா" என்றேன்.