சிப்பியில் தட்டைப்புழு: குற்றவாளி நத்தை

வட கடலின் வாடன் பகுதியில், நீர் வற்றும்போது வெளியே தெரியும் திட்டில் வளர்ந்த நீலச் சிப்பியில் தட்டைப்புழு என்ற ஒட்டுண்ணியின் லார்வாக் கூடுகள் மண்டிக் கிடக்கும். அதே கடலில், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கயிற்றில் தொங்கவிட்டு வளர்த்த சிப்பியில் அநேகமாக ஒன்றும் இராது. வளர்ப்புச் சிப்பி "சுத்தமானது" என்பதால் அல்ல, பக்கத்தில் நத்தை இல்லை என்பதால்.

கடற்காகத்தின் எச்சத்தில் விழும் புழு முட்டைகள் லிட்டோரினா என்ற கரையோர நத்தைக்குள் போய்ப் பெருகுகின்றன. வெயில் மாதங்களில் வால் முளைத்த லார்வாக்கள் வெளியே நீந்துகின்றன. அவற்றின் ஆயுள் மிகக் குறைவு, அதற்குள் ஒரு சிப்பி அவற்றை நீரோடு உறிஞ்ச வேண்டும். ஆகவே கரையோரத் தரையில் பரப்பி வளர்த்தால் வளர்ப்புச் சிப்பியும் தப்பாது.

சிப்பியில் எத்தனை கூடுகள் என்று பரிசோதிக்க ஒரே நீளமுள்ள, 4 முதல் 5 செ.மீ. சிப்பிகள் 30 போதும். பெரியதையும் சிறியதையும் கலந்தால் கணக்கே பாழ்: மூத்த சிப்பி ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். மூடுதசையை அறுத்துச் சதையை எடுத்து, பாதத்தைத் தனியாக வெட்டுங்கள். இரு தடித்த கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒளி ஊடுருவும் வரை நசுக்கி, கீழிருந்து வெளிச்சம் விட்டு நுண்ணோக்கியில் எண்ணுங்கள். பாதத்தில் உருண்டையாய், தடித்த சுவரோடு இருப்பது ஹிமாஸ்த்லா என்ற தட்டைப்புழுவின் கூடு. வாயோர மடல்களிலும் செரிமானச் சுரப்பியிலும் அதைவிடச் சிறிதாய் இருப்பது ரெனிகோலா என்ற இன்னொரு வகை. பாதத்தைச் சரியாக நசுக்காவிட்டால் அதன் கருநிறம் கூடுகளை மறைத்துவிடும். பலர் தவறவிடுவது இங்கேதான். ஹிமாஸ்த்லா மிகுந்த சிப்பி பற்றுநூலைக் குறைவாகவே நூற்கும், அலையில் எளிதில் பிடி தளரும்.

ஜிம்னோஃபாலஸ் வேறு வகை. சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம் ஒட்டிய சவ்வில் தங்கும் இதைச் சுற்றித்தான் பல்லில் நறநறக்கும் குறுமுத்துகள் உருவாகின்றன என்று 1902இல் விலங்கியலாளர் லிஸ்டர் ஜேம்சன் விளக்கினார். (மன்னார் முத்துக்கு நாடாப்புழு லார்வாவே காரணம் என்று ஹெர்ட்மன், ஹார்னல் என்ற ஆய்வாளர்கள் சொன்னதைப் பின்னர் மறுத்தவரும் அவரே.) முத்து பெரிதாக ஆண்டுகள் ஆகும். வேகமாக வளர்த்து இளசிலேயே அறுவடை செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

மோசமானது புரோசோரிங்கஸ். இது சிப்பிக்குள்ளேயே பெருகி, இனப்பெருக்கச் சதையைத் தின்று மலடாக்கிவிடும். மூடுதசையும் தளர்வதால், நீரைவிட்டு எடுத்ததும் சிப்பி வாய் பிளக்கும். வண்டியில் ஏற்றிய சரக்கில் வழக்கத்தைவிட அதிகம் பிளந்திருந்தால் வெப்பத்தை மட்டும் பழிக்காமல் சிலவற்றை அறுத்து, சவ்வில் வெண்ணிற இழைகள் பின்னிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.