நாற்பது மீட்டர் பஞ்சாங்கம்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோப்பு வீட்டில் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) வைத்திருப்பவருக்கு இரண்டு தென்னைகளும் நடுவில் 25 மீட்டர் வெட்டவெளியும் கிடைத்துவிடும். நாற்பது மீட்டர் அலைநீளத்துக்கான (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோலுக்கு, அதாவது நடுவில் கேபிள் இணைத்த இருபக்கக் கம்பி ஆன்டெனாவுக்கு, அது போதும். 143 என்ற மாறா எண்ணை 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் சுமார் 20.1 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. முதலில் பக்கத்துக்குப் பத்தரை மீட்டராக வெட்டிக் கட்டுங்கள். பிறகு இரு பக்கமும் ஐந்தைந்து சென்டிமீட்டராக நறுக்கினால், எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) மிகக் குறையும் அலைவரிசை ஒவ்வொரு முறையும் சுமார் 35 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். பிளாஸ்டிக் உறை போட்ட வயர் என்றால் கணக்கில் வந்ததைவிடச் சற்றுக் குட்டையாகத்தான் முடியும். மழையில் நனைந்த வயரை வைத்து நறுக்காதீர்கள். ஈர உறை அலைவரிசையைக் கீழே இழுத்துக் காட்டும். காய்ந்த பிறகு கம்பி குட்டையாகிப் போயிருப்பது தெரியும்.

கட்டுவது எளிது, ஆடியைத் தாண்ட வைப்பதுதான் வேலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் இரண்டு தென்னைகளும் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. ஒன்று சாயும்போது மற்றொன்று நிமிரும். இரு முனையையும் இறுகக் கட்டிய கம்பி இழுபட்டு இழுபட்டு, பெரும்பாலும் நடுவில் பற்றவைத்த இடத்திலேயே அறும். அதனால் ஒரு முனையை மட்டும் நிலையாகக் கட்டுங்கள். மறுமுனைக் கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி, மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிடுங்கள். எட்டு கிலோ வரும். கேன் மேலும் கீழும் ஒரு மீட்டராவது தாராளமாக ஓடவேண்டும். அதன் அடியில் ஆளோ மாடோ நிற்காத இடமாகப் பாருங்கள். ஒற்றைக் கம்பி வேண்டாம், பல இழை வயர்தான் வளைந்து கொடுக்கும். மலிவான பிளாஸ்டிக் கயிறு கோடை வெயிலில் உதிர்ந்துவிடும். கறுப்பு பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். மட்டையில் கட்டாதீர்கள், மட்டை விழும்போது ஆன்டெனாவும் சேர்ந்து வரும். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை தேங்காய் வெட்ட மரம் ஏறுபவர் வருவாரே, கயிறு, கப்பி பார்க்கும் வேலையையும் அன்றே அவரிடம் சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

மாசி, பங்குனியில் வேறு தொல்லை. மழையில்லாத மாதங்களில் மின்கம்பத்து இன்சுலேட்டர்களில் தூசு படிந்து பொறி கசியும், ரிசீவரில் ஓயாத கரகரப்பு கேட்கும். பேட்டரியில் ஓடும் ஏ.எம். ரேடியோவுடன் லைன் ஓரமாக நடந்தால் எந்தக் கம்பத்தருகே இரைச்சல் ஏறுகிறது என்று பிடித்துவிடலாம். கம்ப எண்ணைக் குறித்து ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், கம்பத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள். நல்ல மழை ஒன்று பெய்தால் பாதி இரைச்சல் கழுவிக்கொண்டு போய்விடும். வெயிலோடு வந்து அந்தியில் அடங்கும் இரைச்சல் என்றால் அது சோலார் பம்பின் கன்ட்ரோலர். நொடிக்கு ஒருமுறை "டக்" என்றால் காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலி.

சித்திரை மாலைகளில் இடி கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வந்துவிடும். ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் நெருக்கமாகத் தொடங்கினால் கோஆக்ஸை (ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளை) ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட்டு, மின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். இடி தலைக்குமேல் வந்தபிறகு கேபிளைத் தொடவே கூடாது.

ஐப்பசி அடைமழை ஆன்டெனாவை விடக் கேபிளைத்தான் கெடுக்கும். மேலே இணைப்பில் புகுந்த நீர் கேபிள் உறைக்குள் இருக்கும் கம்பிப் பின்னல் வழியே மெல்ல இறங்கும். இதில் பலரும் ஏமாறுவது ஓரிடத்தில்: தண்ணீர் குடித்த கேபிள் எஸ்.டபிள்யூ.ஆரை அழகாகக் குறைத்துக் காட்டும். போன சக்தியை கேபிளே தின்றுவிடுவதால் திரும்பி வர ஒன்றும் இருக்காது. சந்தேகம் வந்தால் ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் மறுமுனையைத் திறந்துவைத்து ஆன்டெனா அனலைசரில் (எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் சிறு கருவி) பாருங்கள், ரிக்கில் (ரேடியோ செட்டில்) வேண்டாம். 20 மீட்டர் நல்ல ஆர்ஜி-58 கேபிள் என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். பத்தை ஒட்டிக் காட்டும். மூன்று என்று காட்டினால் பாதி பவர் கேபிளிலேயே சூடாகிப் போகிறது என்று பொருள். துடைத்துக் காயவைப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். புதியதன் இணைப்பைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இத்தனைக்கும் கூலி மார்கழியில் கிடைக்கும். இடியிரைச்சல் அடங்கியிருக்கும், இரவும் நீளம். பகலில் அயனி மண்டலம் (ரேடியோ அலையைத் திருப்பியனுப்பும் மேல் வளிமண்டல அடுக்கு) நேர்மேலே அனுப்பியதையும் திருப்பித் தருவதால் மதுரையும் சேலமும் சுலபமாகக் கேட்கும். விடியலுக்குச் சற்றுமுன் அதன் அடர்த்தி மிகக் குறைந்துவிடும்போது பக்கத்து மாவட்டம் மறைந்து, சாய்வாகப் போய்த் திரும்பும் ஐரோப்பா மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது லாக் (தொடர்புப் பதிவேடு) எழுதுவதில் கவனம் வேண்டும். லாக்கில் எழுதும் நேரம் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்); நம் காலை 5.30 மணிதான் அதன் நள்ளிரவு. 5.29-க்குப் பேசியதற்கு முந்தைய நாள் தேதி போடவேண்டும், இல்லாவிட்டால் எதிர்முனை லாக்கோடு பொருந்தாமல் அந்தத் தொடர்பு உறுதியாகாது.