அடிமரத்தில் எழுதிய எண்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் சென்னையில் இருந்தேன். வீட்டுக்குப் போன் போகவில்லை. மறுநாள் இரவு பஸ் ஏறி, பாதியில் இறங்கி, சாலையில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்துதான் ஊர் சேர்ந்தேன். பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஒரு ஏக்கர் தோப்பு, 72 தென்னை. நான்குதான் தப்பின. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாப்பா, சாப்பிட்டியா?" என்றார். தோப்பைப் பற்றி அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் வாரம் எங்களைத் துரத்தியது விலைதான். மெழுகுவர்த்தி, பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு. போன் சார்ஜ் போட 50 ரூபாய். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வாடகை என்று வீட்டுக்கு 100 ரூபாய் வசூல். இதில் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். வெளி மாவட்டத்திலிருந்து ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு, டீசலுக்கு அலைந்து, எங்கள் ஊரிலேயே படுத்துக் கிடந்தவர் கூடக் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் புயலுக்கு முன்பே வாங்கி அடுக்கியிருந்த தார்ப்பாய்க்கு மூன்று மடங்கு கேட்ட கடைக்காரரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கூரை பறந்துபோன வீட்டில் கைக்குழந்தை இருந்தது அவருக்குத் தெரியும்.

பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பில் கேட்டேன், தரவில்லை. தார்ப்பாயோ சுருளிலிருந்து வெட்டித் தருவது, அதில் விலையே அச்சிட்டிருக்காது. அந்தப் புகார் அங்கேயே நின்றுபோனது.

அதைவிட வேதனை லாரிகள். எங்கெங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் அரிசியும் போர்வையும் அனுப்பினார்கள். மெயின்ரோட்டிலேயே பாதி இறங்கிவிடும். உள்ளே இருக்கிற ஊர்களுக்கு வழிகாட்டுகிறேன் என்று ஏறிக்கொள்பவர்கள் தங்கள் வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு சங்கத்தின் முத்திரை குத்திய போர்வையை நான் கடையில் விலைக்குப் பார்த்தேன். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் 53-ஆவது பிரிவு நிவாரணப் பொருளைக் கையாடல் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு போட்டோவாவது எடுத்திருப்பேன். கேட்பதற்கு ஊராட்சித் தலைவரும் இல்லை. 2016 அக்டோபரிலேயே உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊர்கள் கிடந்த நேரம் அது.

அப்புறம் தென்னைக்கு இழப்பீடு அறிவித்தார்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். கணக்கெடுக்க எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. விழுந்த மரத்தைப் போட்டுவைக்கவும் முடியாது. மட்கினால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், மிச்சம் நிற்கிற மரமும் போய்விடும். அறுத்து அப்புறப்படுத்திவிட்டாலோ எத்தனை விழுந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

வழி சொன்னது அப்பாதான். பெயிண்ட் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு அடிமரத்திலும் 1, 2, 3 என்று எண் போட்டார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் நிற்க, நான் போனில் படம் எடுத்தேன். 68 படம். குருத்து முறிந்து மொட்டையாக நின்றவற்றையும் சேர்த்துத்தான். தென்னைக்கு ஒரே குருத்து. அது போனால் மரம் நின்றாலும் செத்ததுதான். பக்கத்துத் தோப்பைக் குத்தகைக்குப் பார்க்கும் மாமாவும் எங்களிடம் பெயிண்ட் வாங்கிப் போய்த் தன் மரங்களுக்கு எண் போட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் மரம் அறுக்கிற மிஷின்காரரைக் கூப்பிட்டோம்.

கணக்கெடுக்க வந்தவர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பட்டியலில் எங்களுக்கு 41 மரம். அன்று மாலையே ஒருவர் வீட்டுக்கு வந்தார். அலுவலகத்தில் வேலை செய்பவர் அல்ல, ஆனால் எல்லாக் காகிதமும் அவர் வழியாகத்தான் போகும் என்று ஊரில் பேச்சு. "மரத்துக்கு நூறு குடுத்துடுங்கண்ணே, அறுபத்தெட்டாவே ஏத்திடலாம்" என்றார் அப்பாவிடம். 6,800 ரூபாய். அப்பா கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கையில் காசு இல்லாமல் இருபது நாள் இருட்டில் இருந்தவர்.

தடுத்தது ஊரில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்த ஆண்டு ஜூலையில்தான் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். லஞ்சம் கொடுத்தவரும் இப்போது குற்றவாளி. மிரட்டலுக்குப் பயந்து கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் தப்பலாம். இதை அவர் விளக்கியதும் அப்பா பணம் புரட்டுகிற பேச்சை விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தனியாகப் போகவில்லை, குறைவாக எண்ணப்பட்ட ஒன்பது குடும்பமும் ஒரு வேனில் போனோம். ஆளுக்கொரு மனு, தனித்தனியாக. ஒரே மனுவில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரு மனுவாகத்தான் கணக்கு. பட்டா, சிட்டா, அடங்கல் நகல், பாஸ்புக் முதல் பக்கம், ஆதார், படங்களின் பிரிண்ட் எல்லாம் வைத்தோம். பதிவு எண் போட்ட ரசீதை வாங்காமல் நகரவில்லை. லஞ்சம் கேட்ட விஷயத்தை மனுவில் எழுதலாமா என்று வேனில் பெரிய வாக்குவாதம். சாட்சி இல்லை, மரக்கணக்கை மட்டும் கேட்போம் என்று முடிவானது. அது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். 10 ரூபாய் கட்டணம், பதிவுத் தபால், ஒப்புகை அட்டை. கேள்வியைச் சுருக்கமாக வைத்தேன்: எங்கள் கிராமத்தில் தென்னை இழப்பீடு பெறுவோர் பெயர், சர்வே எண், மரங்களின் எண்ணிக்கை. "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேட்டால் மறுப்பது கஷ்டம். 30 நாள் ஆகியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு நகல் வந்தது. அதில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நெல்வயல் என்று தெரிந்த ஒரு சர்வே எண்ணில் 50 தென்னை விழுந்திருந்தது. ஆசிரியர் அந்தப் பட்டியலைக் கோயில் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. அந்த வயல்காரர் பெயர் வந்தபோது அவர் எழுந்து போய்விட்டார்.

மறு ஆய்வுக்கு வேறு அலுவலர் வந்தார். இளவயதுப் பெண், வெயிலில் ஒவ்வொரு அடிமரமாக எண்ணைத் தொட்டுப் பார்த்தே எழுதினார். இரண்டு மரம் வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது, சேர்க்க முடியாது என்றார். சரி என்றார் அப்பா. 66 மரம், 72,600 ரூபாய். பணம் கணக்கில் ஏறிய அன்று அப்பா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியர் வீட்டுக்குப் போனார்.

பக்கத்துத் தோப்பு மாமாவின் மரங்களையும் அந்த அம்மா சரியாகத்தான் எண்ணினார். ஆனால் பட்டா வெளியூரில் இருக்கிற நிலக்காரர் பெயரில். பணம் அவருக்குப் போனது. பன்னிரண்டு வருடம் தண்ணீர் பாய்ச்சியதற்கு மாமாவிடம் ஒரு காகிதம்கூட இல்லை, வாய்ப்பேச்சுக் குத்தகை. அவர் கொடுத்த மூன்று மனுவின் ரசீதும் எங்கள் வீட்டுப் பீரோவில், எங்கள் பட்டாவோடு சேர்ந்தே இருக்கிறது.