எண்ணூர் சேற்றுக்கு எந்த மோனோபாட்?

மோனோபாட் என்பது கனமான லென்ஸைத் தாங்கும் ஒற்றைக்கால் கேமரா தாங்கி. பறவைப் படம் எடுக்க, கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூரில் இறங்கி முகத்துவாரம் பக்கம் போனால், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கீழே சேறு, சேற்றில் கூழைக்கடாவும் நெடுங்கால் உள்ளானும். காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெயில் பின்னாலிருந்து விழும். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து அனல் கிளம்பி 600 மி.மீ. லென்ஸில் எல்லாமே நெளியும். அதற்கு எந்த மோனோபாடும் மருந்தல்ல, சீக்கிரம் போவதுதான் வழி.

நிக்கான் 200-500 லென்ஸ், காலரோடு (லென்ஸைச் சுற்றிய தாங்கு வளையம்) 2,300 கிராம். கேனன் 600 எஃப்4 மூன்றாம் பதிப்பு 3,050 கிராம். கேமரா பாடியும் சேர்ந்தால் மூன்று, நான்கு கிலோ. பெட்டியில் பத்து கிலோ, பதினைந்து கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அது மேலிருந்து நேராக அழுத்தும் எடைக்கான கணக்கு. லென்ஸைப் பக்கவாட்டில் திருப்பும்போது குழாய் முறுகுமா, குழாயைப் பூட்டும் லாக் வழுக்குமா என்பதை அது சொல்லாது. கடையிலேயே ஒன்றுக்குள் ஒன்று செருகிய எல்லா அடுக்கையும் இழுத்துப் பூட்டி, இரண்டு உள்ளங்கையாலும் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். பிறகு தலைப்பகுதியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அடிக்குழாய் விரல் பருமன்தான் என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஐந்து அடுக்கு மாடல்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும். நான்கு அடுக்கு போதும், ரயில் கூட்டத்திலும் இடிக்காது.

உயரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கண் உயரம் 155 செ.மீ. என்றால், ஹெட் (மோனோபாட் உச்சியில் மாட்டும் தலை), காலர், வியூஃபைண்டர் வரைக்கும் 18 செ.மீ. கழித்து 137 வரும். ஆனால் பருந்தைப் பார்த்து லென்ஸைத் தூக்கும்போது பின்னாலிருக்கும் கேமரா கீழே இறங்கும். சேறும் கொஞ்சம் விழுங்கும். 150க்குக் குறையாமல் வாங்குங்கள், இல்லாவிட்டால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும்.

மோனோபாடுக்கு, பந்து மூட்டில் எல்லாப் பக்கமும் அசையும் பால் (ball) ஹெட் வேண்டாம். குமிழைத் தளர்த்திய நொடியில் மூன்று கிலோ பக்கவாட்டில் சாயும், விரல் நடுவில் மாட்டினால் நசுங்கும். முன்னும் பின்னும் மட்டும் அசையும் டில்ட் ஹெட்டே சரி. இட வலத்துக்கு மோனோபாடே சுழலும். பாடியை அல்ல, லென்ஸ் காலரைத்தான் ஹெட்டில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் லென்ஸும் பாடியும் சேரும் மவுண்ட் மேல் சுமை ஏறும். காலர் அடியில் ஒரே ஒரு திருகு போட்டால் லென்ஸின் நீளமே நெம்புகோலாகி மெல்லத் தளர்த்திவிடும். இரண்டு திருகு போடும் நீளமான ஆர்கா பிளேட்டாக (ஹெட்டில் நகர்த்திப் பூட்டும் தட்டு) வாங்கி, கையை எடுத்தாலும் லென்ஸ் தலை கவிழாத இடம்வரை முன்பின் நகர்த்திப் பூட்டுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வேறு கதை. ஐஸ் தண்ணீரும் செதிலுமாக வழுக்கும் சிமெண்ட் தரையில் மோனோபாட் அடியில் மாட்டும் கூர்முனை சறுக்கும், ரப்பர் அடிதான் பிடிக்கும். கூடை தூக்கி ஓடுகிறவர்கள் நடுவே முக்காலி டிரைபாட் விரித்தால் திட்டு நிச்சயம்.

எண்ணூர் சேற்றில் ரப்பரும் கூர்முனையும் இரண்டுமே புதையும். பெயின்ட் வாளி மூடியின் நடுவில் ஓட்டை போட்டு, ரப்பர் அடியைக் கழற்றி, அதன் திருகிலேயே மூடியைக் கோத்து மறுபடி முறுக்கிவிட்டால் நிற்கும். இன்னொன்று: வழக்கமாகத் தடித்த மேல் அடுக்கைத்தான் முதலில் இழுப்போம். இங்கே அடி அடுக்கை முழுதாக இழுத்துவிட்டு, மிச்ச உயரத்தை மேலே சரிசெய்யுங்கள். அப்போதுதான் லாக் சேற்றுக்கு மேலே இருக்கும். உப்போடு அனல்மின் நிலையச் சாம்பல் துகளும் திருகு லாக்கில் புகுந்தால் அது நறநறவென்று அரைக்கும். அலுமினியமாக இருந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். கார்பனுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இதற்காகவே நியாயம்.

வீட்டுக்கு வந்த அன்றே அடுக்குகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். கழற்றும்போது குழாய் நுனியிலிருந்து இரண்டு அரைவட்ட பிளாஸ்டிக் தகடுகள் விழும். கீழே துண்டு விரித்துக்கொள்ளுங்கள், ஒன்று தொலைந்தாலும் லாக் பிடிக்காது. கிரீஸை மரையில் மட்டும் மெலிதாகத் தடவுங்கள், தகட்டில் பட்டால் அடுத்த முறை லென்ஸோடு சர்ரென்று இறங்கிவிடும்.